குறைந்த விலையில் மல்டி ஃப்யூயல் ஸ்டவ்: மலைக்கு எதை வாங்கலாம், யாருக்குத் தேவையே இல்லை

முதுகுப் பையில் போட்டுக்கொண்டு போகிற மாதிரி, பெட்ரோலிலும் எரிய வேண்டும், மண்ணெண்ணெயிலும் எரிய வேண்டும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது, அப்படி ஒரு ஸ்டவ் சொல்லுங்கள் என்று மலையேறும் நண்பர்கள் கேட்டால் நான் பதில் சொல்வதற்கு முன் இரண்டு கேள்வி கேட்பேன். எந்த மலைக்குப் போகிறீர்கள்? அங்கே கடைசிக் கடை எந்த ஊரில் இருக்கிறது, அதில் என்ன எரிபொருள் கிடைக்கும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்தது. தெரியாமல் வாங்கினால் எவ்வளவு நல்ல ஸ்டவ்வும் அலமாரியில்தான் கிடக்கும்.

என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பயன்படுத்துவது எம்எஸ்ஆர் என்கிற அமெரிக்க நிறுவனத்தின் விஸ்பர்லைட் இன்டர்நேஷனல். அவ்வளவு செலவழிக்க முடியாதவர்கள் பிஆர்எஸ்-8 மாதிரியான சீனத் தயாரிப்பைப் பார்க்கலாம், ஆனால் சில விஷயங்களைச் சரிபார்த்துவிட்டு. இதைப் படிக்கிற பெரும்பாலானவர்களுக்கு இரண்டுமே தேவைப்படாது, அதனால் அதை முதலில் பேசிவிடுவோம்.

தமிழ்நாட்டுக் காடுகளுக்கு ஸ்டவ் வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் 23 உயிர்கள் போன பிறகு மலையேற்றத்துக்கு அரசு விதிமுறைகள் போட்டது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் வந்தது. வனத்துறை வழிகாட்டியோடு போய்த் திரும்புகிற நடைகளில் சமைக்கிற பேச்சுக்கே இடமில்லை, கோடையில் காய்ந்து கிடக்கிற புல்வெளிக்குள் எந்த நெருப்பையும் கொண்டுபோகக் கூடாது. கட்டுச்சோறு போதும். லடாக்கில் மார்க்கா பள்ளத்தாக்கு, நேபாளத்தில் அன்னபூர்ணா வட்டம் போகிறவர்களுக்கும் வழியெல்லாம் தங்கும் வீடுகளும் டீ ஹவுஸ்களும் இருக்கின்றன, சூடான சோறும் பருப்பும் கிடைக்கும். அங்கே அரைக்கிலோ ஸ்டவ்வையும் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு போவது தேவையில்லாத பாரம்.

இமயமலையில் நாலைந்து நாள், கோடையில், இரண்டு பேர் என்றால் கேஸ் பர்னர் போதும். உள்ளங்கையில் அடங்குகிற பர்னர்கள் இருக்கின்றன, பிஆர்எஸ்-3000டி வெறும் 25 கிராம். மரை உள்ள 230 கிராம் கேனிஸ்டரில், அதாவது சின்ன கேஸ் டப்பாவில் திருகி, பற்ற வைத்தால் வேலை முடிந்தது. காற்றடிக்க வேண்டாம், கரி பிடிக்காது, தீயைச் சிம்மில் வைக்கலாம். இவ்வளவு வசதி மல்டி ஃப்யூயல் ஸ்டவ்வில் ஒருநாளும் வராது.

அப்புறம் எதற்கு மல்டி ஃப்யூயல்? கேனிஸ்டரைக் கொண்டுபோகிற பாடு இருக்கிறதே, அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது. விமானத்தில் கேஸ் கேனிஸ்டர் கைப்பையிலும் கூடாது, செக்-இன் பையிலும் கூடாது. ரயிலிலும் கூடாது. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ கிளம்புகிறவர் கேனிஸ்டரை மணாலியிலோ லேயிலோ போய்த்தான் வாங்கியாக வேண்டும். சீசனில் கிடைக்கும். ஆனால் எந்தக் கடையில், என்ன விலைக்கு, உண்மையாகவே நிரம்பியதா என்பதெல்லாம் அன்றைய அதிர்ஷ்டம். பெரிய ஊரைத் தாண்டிவிட்டால் அதுவும் இல்லை. காலியான கேனிஸ்டரையும் தூக்கித் திரிந்து கீழே கொண்டுவர வேண்டும். அதைக் காட்டில் விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே கோபம் வரும்.

குளிர் இன்னொரு சிக்கல். சாதாரண பியூட்டேன் சுமார் மைனஸ் 0.5 டிகிரியில்தான் கொதிக்கும், அதற்குக் கீழே ஆவியாகாமல் திரவமாகவே கிடக்கும். ஐசோபியூட்டேன் மைனஸ் 12 டிகிரிக்கு அருகில், புரோப்பேன் மைனஸ் 42. உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் இந்த எண்கள் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும், அது நமக்குச் சாதகம். ஆனாலும் நம் ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நீளமான கேஸ் கேன்களில் பெரும்பாலும் பியூட்டேன்தான், அதிகாலைக் குளிரில் அவை சோர்ந்துவிடும். கேனிஸ்டர் வாங்கும்போது அதன் மேல் ஐசோபியூட்டேன், புரோப்பேன் கலவை என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

அதனால் நான் மல்டி ஃப்யூயல் ஸ்டவ்வைச் சிபாரிசு செய்வது மூன்று வகை ஆட்களுக்கு. குலுவிலிருந்து 5,300 மீட்டருக்கு மேல் உள்ள பின்-பார்வதி கணவாயைத் தாண்டி ஸ்பிதி பக்கம் இறங்குவது போல, ஒரு வாரத்துக்கு மேல் கடை கண்ணி இல்லாத பாதையில் சொந்தச் சமையலோடு போகிறவர்கள். பனியை உருக்கித்தான் தண்ணீர் என்கிற உயரத்தில் முகாம் போடுகிறவர்கள். பிறகு பைக்கில் லடாக், ஸ்பிதி சுற்றுகிறவர்கள், அவர்களிடம் பெட்ரோல் எப்படியும் கூடவே இருக்கிறது.

சரி, எரிபொருள். வெளிநாட்டு விமர்சனங்களைப் படித்துவிட்டு இங்கே வாங்குகிறவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அவர்கள் எழுதுவதெல்லாம் வெள்ளை பெட்ரோலை, அதாவது கோல்மன் ஃப்யூயல் மாதிரியான சுத்தமான நாப்தாவை வைத்து. கனடாவிலோ ஐரோப்பாவிலோ இருக்கிற நம் ஆட்களுக்கு அது முகாம் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும், அவர்கள் அதையே ஊற்றட்டும், அதைவிடச் சுத்தமாக எரிவது வேறில்லை. இந்தியாவில் சாதாரணக் கடையில் அது இல்லை. நமக்கு இருப்பது பங்க் பெட்ரோலும் மண்ணெண்ணெயும்.

ஒரு காலத்தில் ரேஷன் கார்டு இருந்தால் மண்ணெண்ணெய் இருந்தது. இப்போது நிலைமை வேறு. டெல்லி 2014-லேயே மண்ணெண்ணெய் இல்லாத நகரமாக அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டிலும் ரேஷன் ஒதுக்கீடு வெகுவாகக் குறைந்துவிட்டது. லடாக்கில் குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் புகாரி அடுப்புகளுக்கு இன்னும் மண்ணெண்ணெய் புழங்குகிறது, மலைக் கிராமங்களில் கேட்டுப் பார்த்தால் ஒரு லிட்டர் தருகிற வீடு இருக்கும். பெயிண்ட் கடையில் விற்கும் மினரல் டர்பன்டைன் மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய சொந்தம், வேறு வழி இல்லாதபோது அதுவும் எரியும், ஆனால் அது பெட்ரோலியத்திலிருந்து எடுத்ததா என்று பார்த்து வாங்க வேண்டும். மரப் பிசினிலிருந்து வரும் டர்பன்டைன் கரியாய்க் கக்கும்.

மண்ணெண்ணெயின் பெரிய பலம் பாதுகாப்பு. அது தீப்பிடிக்கத் தேவையான ஆவி வர 38 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். பெட்ரோலுக்கோ மைனஸ் 40 டிகிரியிலேயே அந்த ஆவி வந்துவிடும். பாட்டில் மூடியில் ஒரு கசிவு என்றால் மண்ணெண்ணெய் நாற்றமடிக்கும், பெட்ரோல் தீப்பிடிக்கும். கையில் மண்ணெண்ணெய் கிடைக்கும் இடத்தில் நான் அதைத்தான் ஊற்றுவேன், அது பற்றிக்கொள்ள நேரமானாலும், பையெல்லாம் வாசம் வந்தாலும் சரி.

பெட்ரோல் எங்கும் கிடைக்கும் என்பதுதான் அதன் பலம். ஸ்பிதியில் சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிற காஸாவில்கூட பங்க் இருக்கிறது. ஆனால் பாட்டிலில் கேட்டால் பல பங்க்குகளில் தரமாட்டார்கள், அதிலும் பிளாஸ்டிக் பாட்டிலை நீட்டினால் நிச்சயம் இல்லை, அது சட்டப்படியும் சரியான மறுப்புதான். ஸ்டவ்வோடு வரும் அலுமினிய பாட்டிலைக் காட்டி, விஷயத்தைச் சொல்லிக் கேட்டால் சில இடங்களில் ஊற்றித் தருவார்கள். பைக்கில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கார்ப்பரேட்டர் வைத்த பழைய வண்டி என்றால் டேங்க் அடியில் டியூபைக் கழற்றிப் பிடித்துக்கொள்ளலாம், புது இன்ஜெக்ஷன் வண்டிகளில் அது அவ்வளவு சுலபமில்லை.

இன்னொன்று, இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. ஸ்டவ் அதில் எரியும். ஆனால் எத்தனால் ஈரத்தை இழுக்கும், சாதாரண ரப்பர் வாஷர்களை நாளடைவில் கெடுக்கும். அதனால் பெட்ரோலைப் பாட்டிலில் மாதக்கணக்கில் வைத்திருக்காதீர்கள், பயணம் முடிந்ததும் மிச்சத்தை வண்டி டேங்கிலேயே ஊற்றிவிடுங்கள். வண்டிக்காக அதில் சேர்க்கும் மற்ற ரசாயனங்கள் ஸ்டவ்வின் குழாயில் படிந்துகொண்டே வரும் என்பதையும் மனதில் வையுங்கள், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

டீசலிலும் எரியும் என்று சில ஸ்டவ்களில் போட்டிருப்பார்கள். எரியும், புகையோடு. அவசரத்துக்கு மட்டும். ஸ்பிரிட் அடுப்பு வேறு ரகம், இலேசானது, சத்தமே இல்லாதது, ஆனால் ஸ்பிரிட்டை இங்கே தாராளமாக வாங்க முடியாது, எடைக்கு எடை பார்த்தால் மண்ணெண்ணெயின் சூட்டில் மூன்றில் இரண்டு பங்குகூட அது தராது. நீண்ட பயணத்துக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

ஸ்டவ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று புரியும். இது நமக்குப் புதிய பொருளே இல்லை. டீக்கடையிலும் வீட்டிலும் உறுமிக்கொண்டிருந்த பித்தளை பம்ப் ஸ்டவ்வின் வம்சம்தான். 1892-ல் ஸ்டாக்ஹோமில் ஃப்ரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் செய்த பிரைமஸ் ஸ்டவ்வில் திரி கிடையாது. காற்றடித்த அழுத்தத்தில் எண்ணெய் மேலே ஏறி, சூடான பர்னர் குழாயில் ஆவியாகி, நிப்பிளின் ஊசித் துளை வழியாகப் பீறிட்டு, காற்றோடு கலந்து நீலமாக எரியும். நார்வேயின் துருவப் பயணி நான்சென் வட துருவப் பக்கம் கொண்டுபோனதும் 1953-ல் எவரெஸ்ட் குழு கொண்டுபோனதும் இதே வகைதான். இன்றைய மல்டி ஃப்யூயல் ஸ்டவ்விலும் அதே தத்துவம், ஒரே ஒரு பெரிய மாற்றம்: எண்ணெய்த் தொட்டியைப் பர்னருக்கு அடியிலிருந்து எடுத்து, ஒரு குழாயின் நீளத்துக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

இந்த மாற்றத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஸ்டவ் வெடித்தது என்கிற செய்தியைக் கேட்டே வளர்ந்த ஊர் நம்முடையது. அடைத்த நிப்பிளோடு விடாமல் காற்றடித்து, அடியில் தொட்டியும் சூடேறினால் ஆபத்துதான். தொட்டி தள்ளி இருந்தால் அது சூடாவதில்லை. அதனால்தான் பர்னரைச் சுற்றிக் காற்றுத் தடுப்புத் தகட்டை முழுதாக நிறுத்த முடிகிறது. கேனிஸ்டர் மேல் உட்காரும் கேஸ் பர்னரில் அப்படி முழுதாக மூடக் கூடாது, கேனிஸ்டர் சூடாகிவிடும். காற்று வீசும் கணவாயில் இந்த ஒரு வித்தியாசத்திலேயே எரிபொருள் கணிசமாக மிஞ்சும்.

நிப்பிள் விஷயம் முக்கியம். பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கேஸுக்கும் துளை அளவு வேறு. பிரைமஸ் ஆம்னிஃப்யூயல் ஸ்டவ்வோடு வரும் ஜெட்டுகளை, அதாவது நிப்பிள்களைப் பார்த்தால் கேஸுக்கு 0.45, பெட்ரோலுக்கு 0.37, மண்ணெண்ணெய்க்கு 0.28 மில்லிமீட்டர். பெட்ரோல் ஜெட்டில் மண்ணெண்ணெயை விட்டால் மஞ்சள் தீயும் கரியும்தான் வரும், பாத்திரம் கருத்துப் போகும். ஒரே ஜெட்டில் எல்லாம் எரியும் என்று சொல்லி விற்கும் ஸ்டவ்களில் ஏதோ ஒரு எரிபொருளில் தீ சுமாராகத்தான் இருக்கும், உங்களுக்கு எது முக்கியமோ அதில் எரியவிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது விஸ்பர்லைட்டுக்கு வருவோம். 1984-ல் வந்த வடிவம், இன்றும் அடிப்படை மாறவில்லை. அதுவே எனக்குப் பெரிய தைரியம், ஏனென்றால் உலகம் முழுக்க அதற்கு உதிரிபாகமும், அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த ஆளும் இருக்கிறார்கள். இன்டர்நேஷனல் மாடலில் வெள்ளை பெட்ரோல், பங்க் பெட்ரோல், மண்ணெண்ணெய் மூன்றும் எரியும், கேஸ் எரியாது. பாட்டில் இல்லாமல் சுமார் 300 கிராம். கால்கள் மடங்கிப் பாத்திரத்துக்குள் அடங்கும். நல்ல பெட்ரோலில், காற்றுத் தடுப்போடு, ஒரு லிட்டர் தண்ணீர் நாலு நிமிடம் சொச்சத்தில் கொதித்துவிடும், மண்ணெண்ணெயில் கொஞ்சம் கூடுதல். உள்ளே எடை கட்டிய ஊசி ஒன்று இருக்கிறது, ஸ்டவ்வை மேலும் கீழும் குலுக்கினால் அதுவே ஜெட்டின் துளையைக் குத்திச் சுத்தம் செய்துவிடும். ஸ்டவ் பின்னைத் தேடி இருட்டில் தடவிக்கொண்டிருக்க வேண்டாம். விரல் விறைக்கிற குளிரில் இதன் அருமை தெரியும்.

குறை என்றால் சிம். தீயை அடக்கும் திருகு பர்னர் பக்கம் இல்லை, பாட்டில் பக்கம் பம்பில் இருக்கிறது. இங்கே திருகினால் அங்கே தீ குறையக் கொஞ்ச நேரமாகும், நீங்கள் அதற்குள் இன்னும் திருகியிருப்பீர்கள், அணைந்துவிடும். பாட்டிலைப் பாதிதான் நிரப்பி, குறைவாகக் காற்றடித்து வைத்துக்கொண்டால் ஓரளவு மெல்லிய தீ கிடைக்கும், அதைப் பழகிக்கொள்ளலாம். தண்ணீர் கொதிக்க வைக்க, நூடுல்ஸ், சேமியா, சூப், டீ, இதற்கெல்லாம் இது தாராளம். தோசை சுடவோ குழம்பு வைக்கவோ ஆசைப்படுகிறவர்களுக்கு இது சரிவராது. அவர்களுக்கு எம்எஸ்ஆரின் டிராகன்ஃப்ளையோ பிரைமஸ் ஆம்னிஃப்யூயலோதான், இரண்டிலும் பர்னர் பக்கத்திலேயே இன்னொரு திருகு இருக்கிறது. ஆனால் இரண்டும் விலை கூடியவை, டிராகன்ஃப்ளையின் சத்தம் பக்கத்துக் கூடாரக்காரரை எழுப்பிவிடும்.

பணம் இருந்தால் ஆம்னிஃப்யூயல் அருமையான பொருள், அதை மறுக்கமாட்டேன். பம்ப் அலுமினியம், கேனிஸ்டரும் மாட்டலாம், அணைக்கும்போது பாட்டிலைப் புரட்டி வைத்தால் குழாயில் இருக்கும் எண்ணெய் எரிந்து தீர்ந்து காற்றோடு தானே அணையும், கழற்றும்போது கையில் சொட்டாது. விஸ்பர்லைட் யுனிவர்சல் மாடலிலும் கேனிஸ்டர் மாட்டலாம், அதைத் தலைகீழாக நிறுத்தித் திரவமாகவே குழாயில் விட்டால் குளிரிலும் நன்றாக எரியும். ஆனால் இந்தக் கட்டுரை குறைந்த விலையைப் பற்றியது. இன்டர்நேஷனலே அமெரிக்காவில் நூறு டாலருக்கு மேல், யுனிவர்சல் அதைவிடக் கூடுதல், இங்கே வந்து சேரும்போது வரியும் அனுப்பும் செலவும் சேர்ந்துகொள்ளும். கேஸ் உங்களுக்கு எப்போதாவதுதான் என்றால், இன்டர்நேஷனலையும் தனியாக ஒரு மலிவான சின்ன கேஸ் பர்னரையும் வாங்குவது யுனிவர்சலைவிடப் புத்திசாலித்தனம். எம்எஸ்ஆரின் இன்னொரு ஸ்டவ்வான எக்ஸ்ஜிகே எதையும் எரிக்கும், டீசலிலிருந்து விமான எரிபொருள் வரை, அது பெரிய பயணக் குழுக்களுக்கான பொருள். நமக்கு வேண்டாம்.

பிஆர்எஸ்-8 மாதிரி சீன ஸ்டவ்கள் இன்டர்நேஷனலைவிட வெகு மலிவாகக் கிடைக்கின்றன. பெட்ரோல், மண்ணெண்ணெய், கேஸ் மூன்றும் எரியும். எடை அரைக்கிலோவுக்கு மேல் போகும், பைக்கில் போகிறவருக்கு அது பொருட்டில்லை, முதுகில் சுமப்பவருக்குப் பொருட்டுதான். அலிஎக்ஸ்பிரஸ் 2020 நவம்பரில் இந்தியாவில் தடையானதிலிருந்து இவை வேறு விற்பனையாளர்கள் கை மாறித்தான் வருகின்றன, விலையும் ஆளுக்கு ஆள் மாறும், பாட்டில் சேர்த்தா சேர்க்காமலா என்பதும் மாறும். வாங்குவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏனென்றால் ஒரு நிறுவனத்தின் பம்ப் இன்னொரு நிறுவனத்தின் பாட்டிலில் மரை பிடித்தது மாதிரி இருக்கும், ஆனால் அழுத்தம் ஏறும்போது கசியலாம். தண்ணீர் பாட்டிலை எண்ணெய் பாட்டிலாக ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள், அதன் சுவர் அந்த அழுத்தத்துக்குச் செய்ததல்ல.

மலிவு ஸ்டவ்வில் நான் முதலில் பார்ப்பது பம்பைத்தான். பர்னர் என்பது உலோகம், அது எளிதில் கெடாது. கெடுவதெல்லாம் பம்பில் இருக்கும் ரப்பர் வளையங்கள். மிகவும் விலை குறைந்த ஒரு ஸ்டவ்வில், பெயர் வேண்டாம், கொஞ்ச நாளிலேயே ஓ-ரிங் ஊறிப் பெருத்து, பம்ப் தண்டைச் சுற்றிப் பெட்ரோல் ஈரம் கட்ட ஆரம்பித்தது, மாற்று வளையம் கேட்டால் விற்றவரிடம் பதிலில்லை. ஹைட்ராலிக் சீல் விற்கும் கடையில் வைட்டான் ஓ-ரிங் அளவு பார்த்து வாங்கிப் போட்டுச் சரியாக்கினேன். வைட்டான் பெட்ரோலையும் எத்தனாலையும் தாங்கும், சில ரூபாய்தான். ஆகவே உதிரிபாகம் தனியாகக் கிடைக்காத ஸ்டவ்வை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் மலைக்கு எடுத்துப் போகாதீர்கள். வீட்டு மொட்டை மாடியில் வைத்து விளையாடலாம், கடையில்லாத கணவாயில் அது உங்கள் சோற்றைக் கெடுக்கும்.

பம்பின் உள்ளே தோல் வாஷர் இருந்தால் அது காய்ந்து சுருங்கும், காற்றடித்தால் அழுத்தம் ஏறாது. ஒரு துளி எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். வீட்டு பம்ப் ஸ்டவ்வுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டே பழகியவர்கள் நாம், மலையில் அது உறைந்துவிடும். தையல் மெஷின் எண்ணெயைச் சின்னக் குப்பியில் எடுத்துப் போங்கள்.

குழாயில் கரி படிவதைச் சொன்னேன் அல்லவா. பங்க் பெட்ரோலில் தொடர்ந்து எரித்தால் தீ மெல்ல மெல்ல வலுவிழக்கும், காற்றடித்தும் ஏறாது. அப்போது குழாய்க்குள் இருக்கும் கம்பி வடத்தை இழுத்துத் துடைத்து, திரும்பச் செருக வேண்டும். விஸ்பர்லைட்டில் அதை இழுக்கக் கருவியும் வருகிறது. கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே ஒரு முறை முழுதாகக் கழற்றி மாட்டிப் பாருங்கள், குளிரில் கையுறையோடு முதல்முறையாகச் செய்கிற வேலை இல்லை இது.

பற்ற வைப்பது பலருக்குப் பயம். பம்ப் ஸ்டவ் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. பர்னருக்கு அடியில் இருக்கும் கிண்ணத்தில் கொஞ்சம் எரிபொருளை விட்டு, வால்வை மூடி, பற்ற வைத்து, பர்னர் சூடேறி அந்தத் தீ அடங்கப் போகும் சமயத்தில் வால்வை மெல்லத் திறக்க வேண்டும். நீலத் தீ வந்தால் சரி, மஞ்சளாய் எழும்பினால் இன்னும் சூடு போதவில்லை, மூடிவிட்டு மறுபடி. மண்ணெண்ணெயால் சூடேற்றினால் எல்லாம் கரி ஆகும். அதற்குப் பதில் ஆல்கஹால் உள்ள கெட்டியான ஹேண்ட் சானிடைசரைக் கிண்ணத்தில் பிதுக்கிப் பற்ற வையுங்கள், கரி இல்லாமல் சூடேறும். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது, அணைந்துவிட்டது என்று நினைத்து மேலே மறுபடி ஊற்றிவிடாதீர்கள்.

இந்த வேலையைக் கூடாரத்துக்குள் செய்யவே கூடாது. பற்றும்போது எழும் தீ ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் கார்பன் மோனாக்சைடு. நிறமும் வாசமும் இல்லாத அந்த வாயு மூடிய கூடாரத்தில் தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். எவ்வளவு பனி பெய்தாலும் வாசலுக்கு வெளியே, காற்று போய் வரும் இடத்தில்தான் ஸ்டவ்.

எவ்வளவு எரிபொருள் வேண்டும்? கோடையில் ஓடைத் தண்ணீர் கிடைக்கும் பாதையில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 முதல் 120 மில்லி வைத்துக்கொள்ளலாம். பனியை உருக்க வேண்டியிருந்தால் அதை இரட்டிப்பாக்குங்கள். ஒரு கிலோ பனிக்கட்டியை வெறும் தண்ணீராக்குவதற்கு ஆகும் சூடு, அதே தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரி வரை கொண்டுபோவதற்குச் சமம். டீ குடிப்பதற்கு முன்பே பாதி எண்ணெய் போய்விடும். எம்எஸ்ஆர் பாட்டில்கள் 325, 591, 887 மில்லி அளவுகளில் வருகின்றன, இரண்டு பேருக்கு நடு அளவில் இரண்டு எடுப்பது என் வழக்கம். கழுத்து வரை நிரப்பாதீர்கள், காற்றுக்கு இடம் வேண்டும், பாட்டிலிலேயே கோடு போட்டிருக்கும்.

காஸா உயரத்தில் தண்ணீர் 88 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும். அரிசியும் பருப்பும் அதில் எளிதில் வேகாது, எண்ணெய்தான் தீரும். மூன்று பேர் இருந்தால் இரண்டு லிட்டர் அலுமினியக் குக்கர் சுமக்கத் தகுந்தது, எடையை எரிபொருளில் திருப்பித் தந்துவிடும். ஒருவர் இருவர் என்றால் அவலும் வறுத்த ரவையும் சேமியாவும்தான் என் சிபாரிசு. அவலை வெந்நீரில் ஊறப் போட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலைப் பிசைந்தால் ஸ்டவ்வை உடனே அணைத்துவிடலாம்.

கொண்டுபோகும் விஷயத்தில் கவனமாக இருங்கள். விமானத்தில், எண்ணெய் பட்ட ஸ்டவ்வையும் பாட்டிலையும் விமான நிறுவனத்தின் அனுமதியோடு செக்-இன் பையில் மட்டுமே வைக்கலாம், அதற்கும் பாட்டிலை முழுதாகக் கவிழ்த்துக் குறைந்தது ஒரு மணி நேரம் வடியவிட்டு, பிறகு மூடியில்லாமல் ஆறு மணி நேரமாவது காயவிட்டிருக்க வேண்டும். நடைமுறையில் வாசம் அடித்தாலே எடுத்து வைத்துவிடுவார்கள். சோப்பு போட்டுக் கழுவி, சில நாள் வெயிலில் திறந்து வைத்து, பிறகுதான் பையில் வைக்க வேண்டும். சுலபமான வழி, எண்ணெயே படாத புது பாட்டிலை விமானத்துக்கென்று வைத்துக்கொண்டு, பழையதைத் திரும்பும்போது மலையூரில் தெரிந்த ஒருவரிடம் விட்டு வருவது.

ரயிலில் ஒரு துளி எரிபொருளும் கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். ரயில்வே சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை இருக்கிறது, தண்டனைக்காக இல்லாவிட்டாலும் அந்த ஒன்பது பேருக்காகவாவது இதை மீறாதீர்கள்.

பழைய ஸ்டவ் வாங்குவதை நான் தாராளமாக ஊக்குவிப்பேன், பட்ஜெட்டுக்கு அதுதான் நல்ல வழி. இமயத்துக்குப் போய் வந்து, பிறகு எடுக்காமல் வைத்திருக்கும் விஸ்பர்லைட்கள் விற்பனைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. விற்பவர் முன்னாலேயே பாட்டிலில் பாதி எண்ணெய் ஊற்றி, காற்றடித்து, வால்வை மூடியபடி கொஞ்ச நேரம் படுக்க வைத்துப் பாருங்கள். பம்பின் கழுத்திலும் குழாய் சேரும் இடத்திலும் துடைத்த காகிதம் நனைந்தால் ஓ-ரிங் போயிருக்கிறது, அது மாற்றக்கூடியது, அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள். பிளாஸ்டிக் பம்பில் கீறல் விழுந்திருந்தால் பம்பையே மாற்ற வேண்டும், அந்த விலையைக் கூட்டிப் பாருங்கள். பாட்டிலில் நசுங்கலோ, மரையில் தேய்மானமோ தெரிந்தால் பாட்டிலை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஸ்டவ்வை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் ஜெட் கூட இருக்கிறதா என்று கேட்க மறக்காதீர்கள், பலரும் அந்தச் சின்னப் பித்தளைத் துண்டைத் தொலைத்துவிட்டுத்தான் விற்கிறார்கள்.